நிலுவைப் பணத்துக்கு எந்த ஊர் நீதிமன்றம்?

திருப்பூரில் உள்ளாடை தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனம், டெல்லி காந்தி நகர் ஜவுளிச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிய வகையில் 18 லட்சம் ரூபாய் நிலுவையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியை எடுப்பதில்லை, வக்கீல் நோட்டீசுக்கும் பதில் இல்லை. நம் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்பார் ஒருவர். பிரதிவாதி இருக்கும் டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பார் மற்றொருவர். வழக்கே வேண்டாம், குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மனுக் கொடுங்கள் என்பது மூன்றாமவர் யோசனை. கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தகராறைத் தீர்ப்பது) பற்றிய விதி ஒன்று இருக்கிறதே, அதைப் படித்தீர்களா என்பார் நான்காமவர். நால்வர் சொல்வதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் செலவு, காலம், கடைசியில் கையில் வரும் தொகை ஆகிய மூன்றிலும் இவை வெகுவாக வேறுபடுகின்றன. வழக்குத் தொடுக்க எது வசதி என்று பார்ப்பதைவிட, தீர்ப்புக் கிடைத்தபின் எந்த ஊரில் எந்தச் சொத்தின்மேல் கைவைக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

ஒப்பிடுவதற்கு முன், ஒரு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கின்மீது அதிகாரம் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 9ஆம் பிரிவில், சட்டத்தால் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தடுக்கப்படாத எல்லா உரிமையியல் வழக்குகளையும் விசாரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தருகிறது. அந்தப் பொது அதிகாரம் மூன்று வகையில் எல்லை கட்டப்படுகிறது. முதலாவது வழக்கின் பொருள், இரண்டாவது வழக்கின் மதிப்பு, மூன்றாவது இடம். வழக்கின் மதிப்பைப் பொறுத்தவரை, விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களில் மிகக் கீழ்நிலையில் உள்ளதில்தான் வழக்கைத் தொடுக்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகியவற்றின் பண வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாக்கல் செய்யும் நாளில் நடைமுறையில் உள்ள வரம்பைப் பார்ப்பது அவசியம். இடத்தைப் பற்றிப் பேசுபவை 16 முதல் 20 வரையிலான பிரிவுகள்.

இந்த மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. பொருள்மீது அதிகாரமே இல்லாத நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை செல்லாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும் செல்லாது. தீர்ப்பின்படி வசூலிக்கக் கோரும் நிறைவேற்று மனுவின்போதுகூட அந்த ஆட்சேபத்தை எழுப்பலாம். கிரண் சிங் - சமன் பாஸ்வான் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனால் இடம், மதிப்பு ஆகியவை பற்றிய ஆட்சேபங்களைச் சட்டம் அவ்வளவு கடுமையாக நடத்துவதில்லை. 21ஆம் பிரிவின்படி, பிரதிவாதி அவற்றை முதல் நீதிமன்றத்திலேயே, கிடைத்த முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வகுக்கப்படும் இடங்களில் அதற்கு முன்பாகவே எழுப்பியிருக்க வேண்டும். அதோடு, அந்தப் பிழையால் நீதி தவறியது என்றும் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு விசாரணையை நடத்தவிட்டு, தோற்றபின் “இந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை” என்று மேல்முறையீட்டில் சொன்னால் எடுபடாது.

வழக்கின்மீது அதிகாரம் இருந்தாலும் ஆளின்மீது அது செயல்பட, அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்பட்டாக வேண்டும், அதாவது அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டாக வேண்டும். வேறு மாநிலத்தில் உள்ள பிரதிவாதிக்கு 28ஆம் பிரிவின்படி அந்த மாநில நீதிமன்றத்தின் வழியாகவே அழைப்பாணையை அனுப்பலாம். பதிவஞ்சல், கூரியர், மின்னஞ்சல் ஆகிய வழிகளும் அந்தச் சட்டத்தின் விதித் தொகுப்புகளில் ஒன்றான 5ஆம் கட்டளையில் உள்ளன. இதில் அலட்சியம் கூடாது. சார்வு சரியாக ஆகாத நிலையில் வாங்கிய ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை, பிரதிவாதி 9ஆம் கட்டளை 13ஆம் விதியின்கீழ் வந்து நீக்கிவிட முடியும். கடை பூட்டியிருந்தது என்று திரும்பிவந்த உறை ஒன்றை நம்பித் தீர்ப்பு வாங்கியவர்கள், இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது நம் நீதிமன்றங்களில் அன்றாடம் நடக்கும் விஷயம்.

வழக்கு நிலத்தையோ கட்டடத்தையோ பற்றியதாக இருந்தால் தேர்வு என்ற பேச்சுக்கு அநேகமாக இடமே இல்லை. 16ஆம் பிரிவின்படி அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. குர்காவுனில் உள்ள மனைக்கான ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தாகி, பணமும் டெல்லியில் கட்டப்பட்டு, டெல்லி நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் இருந்தபோது, அதனால் பயனில்லை என்று ஹர்ஷத் சிமன்லால் மோடி வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கீழே வருவதெல்லாம் சரக்கு, பணம், ஒப்பந்தம் ஆகியவை பற்றிய வழக்குகளுக்கே பொருந்தும்.

சொந்த ஊரில் வழக்கு

20ஆம் பிரிவு வாதிக்கு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. பிரதிவாதி வசிக்கும், தொழில் நடத்தும் அல்லது ஊதியத்துக்கு உழைக்கும் இடத்தில் வழக்குப் போடலாம். வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள், முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எங்கே எழுந்ததோ அங்கேயும் போடலாம். வாதி வசிக்கும் இடம் என்பதற்கு இந்தப் பிரிவில் எந்த மதிப்பும் இல்லை. “நான் திருப்பூர்க்காரன், அதனால் திருப்பூரில் போடுகிறேன்” என்பது சட்டத்தின் கண்ணில் காரணமே ஆகாது. வழக்கு மூலத்தின் ஒரு துண்டாவது திருப்பூரில் விழுந்திருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அந்தத் துண்டைத் தேடும் இடம் கோப்பில் உள்ள காகிதங்கள்தான். விலைப்பட்டியலை முதலில் அனுப்பியது திருப்பூர் நிறுவனமா, கொள்முதல் ஆணையை முதலில் அனுப்பியது டெல்லிக் கடையா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பகவான்தாஸ் கேடியா வழக்கில், தொலைபேசியில் பேசி முடித்த ஒப்பந்தம், ஏற்பு எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில் உருவாகிறது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. காம்காவுனிலிருந்து சொன்ன சம்மதம் அகமதாபாத்தில் கேட்டதால், அகமதாபாத் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்தது. ஆகவே, திருப்பூர் தரப்பு விலை சொல்லி, டெல்லி தரப்பு சரி என்றிருந்தால் ஒப்பந்தம் திருப்பூரில் உருவாகிறது; டெல்லி தரப்பு ஆணை அனுப்பி, திருப்பூர் தரப்பு சம்மதித்திருந்தால் அது டெல்லியில் உருவாகிறது. மின்னஞ்சலில் நடந்த பேச்சுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு துணைக்கு வரும். கைப்பேசியையோ கணினியையோ எந்த ஊரில் வைத்துத் திறந்தாலும், தொழிலிடத்தில் பெறப்பட்டதாகவே அது கொள்ளும்.

ஒப்பந்தம் டெல்லியில் உருவானதாகவே ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. விற்பனையாளர் சரக்கை லாரி புக்கிங் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும்போதே, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே முதல் பார்வைக்குக் கொள்ளப்படும். அந்த லாரி ரசீதில் புக்கிங் இடம் திருப்பூர் என்று இருந்தால் வழக்கு மூலத்தின் கனமான பகுதி ஒன்று இங்கேயே கிடைத்துவிடுகிறது. பணம் திருப்பூர் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்று பில்லில் இருந்து, முந்தைய தொகைகளும் அப்படியே வந்திருந்தால் இன்னொரு பகுதியும் சேர்கிறது. கடன்பட்டவர்தான் கடன் கொடுத்தவரைத் தேடிவந்து செலுத்த வேண்டும் என்ற பழைய விதியையும், செலுத்தும் இடம் பேசப்படாத ஒப்பந்தங்களில் நம் நீதிமன்றங்கள் கையாண்டிருக்கின்றன. ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பி வழக்கைத் தொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே குறுக்கே வருவது பில்லின் அடியில் அச்சடிக்கப்படும் ஒற்றை வரி. “திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று விற்பவரின் பில்லிலும், “டெல்லி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று வாங்குபவரின் கொள்முதல் ஆணையிலும் இருப்பது சர்வசாதாரணம். இதன் சட்ட மதிப்பை முதலில் வரையறுத்தது ஹக்கம் சிங் - கேமன் நிறுவன வழக்கு. அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது. அதிகாரம் உள்ள இரண்டு மூன்று நீதிமன்றங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 1971இல் அதில் சொல்லப்பட்டது. அடுத்து வந்தது நம் சேலத்து வழக்கு. குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் ஜரிகை இழை தயாரித்த ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்துக்கும் சேலம் ஏ.பி. ஏஜென்சீஸுக்கும் இடையே 1974இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தகராறுகள் கெய்ரா எல்லைக்கு உட்பட்டவை என்று ஒரு விதி இருந்தது. சேலம் சார்பு நீதிமன்றம் அந்த விதியைப் பார்த்து, வாதி தாக்கல் செய்த வழக்குரையைத் திருப்பித் தந்தது; சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது; 1989இல் உச்ச நீதிமன்றம், ‘மட்டும்’, ‘தனித்து’ போன்ற விலக்குச் சொற்கள் அந்த விதியில் இல்லாததால் சேலத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்றது.

பல ஆண்டுகள் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘மட்டும்’ இல்லாத விதிகளையெல்லாம் தாண்டி வந்தார்கள். 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் - இந்தியன் ஆயில் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படிப்பட்ட சொற்கள் இல்லாவிட்டாலும், ஒரு ஊரை மட்டும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டப் போதுமானது என்று தீர்ப்பளித்தது. எனவே இன்றைக்குச் சேலத்து வழக்கின் துணையோடு டெல்லி விதியைத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி 54,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டாம். (தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் பண வழக்குகளுக்கான கட்டணம் 3 சதவீதம்; 18 லட்சத்துக்கு அதுதான் கணக்கு.) அதேபோல, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள விதியும், ஒரு தரப்பு மட்டும் தன் பில்லில் அச்சடித்துக்கொண்ட வரியும் ஒன்றல்ல. சரக்கு போனபின் அனுப்பும் பில்லில் உள்ள வரிக்கு மறுதரப்பு சம்மதித்தது என்று காட்ட முடியாவிட்டால், அது வெறும் அச்சு மைதான்.

இன்னொரு வழியும் உண்டு. வாங்கியது ஒரு கம்பெனியாக இருந்து, அதற்குத் திருப்பூரிலேயே கொள்முதல் அலுவலகம் இருந்தால், வழக்கு மூலமும் இங்கே எழுந்திருந்தால், 20ஆம் பிரிவின் விளக்கத்தின்படி அது இங்கேயே தொழில் நடத்துவதாகக் கொள்ளப்படும். போடிநாயக்கனூரில் ஏலக்காயை லாரி நிறுவனத்தின் கிளையில் ஒப்படைத்து, அது டெல்லிக் கிடங்கில் தீயில் சேதமான வழக்கில், ரசீதில் பம்பாய் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று இருந்தும், பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் போட்ட வழக்கே சரி என்றானது. படேல் ரோட்வேஸ் வழக்கு என்ற பெயரில் 1991இல் வெளியான அந்தத் தீர்ப்பு, கிளை இருக்கும் ஊரில் வழக்கு மூலம் எழுந்தால், தலைமை அலுவலகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடாது என்ற அளவுக்குப் போகிறது. ஆனால் கமிஷன் ஏஜென்ட் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார் என்பதைக் கிளை அலுவலகம் என்று காட்டிவிட முடியாது.

வழக்கு மூலத்தின் ஒரு பகுதி சென்னையில் எழுந்து, தொகையும் உயர் நீதிமன்ற வரம்புக்கு வந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார வரம்பில் தொடுக்கும் வாய்ப்பும் உண்டு. அதற்கு அந்த உயர் நீதிமன்றத்தின் சாசனமான லெட்டர்ஸ் பேட்டன்டின் 12ஆம் உட்பிரிவின்கீழ் முன் அனுமதி பெற வேண்டும். 18 லட்சத்துக்கு அது பொருந்தாது.

சொந்த ஊரின் லாபம் தெளிவானது: பழகிய வக்கீல், உள்ளூர் சாட்சிகள், பயணச் செலவு இல்லாமை. நஷ்டம் தீர்ப்புக்குப் பிறகுதான் தெரியும். 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட நான்காம் உட்பிரிவின்படி, தீர்ப்பாணை தந்த நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே உள்ள ஆளின்மீதோ சொத்தின்மீதோ அதை நிறைவேற்ற முடியாது. டெல்லிக் கடையின் சரக்கை ஜப்தி செய்ய, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலும், தொகை இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றும் டெல்லி நீதிமன்றத்துக்குப் போய், அங்கே புதிதாக ஒரு வக்கீலை அமர்த்தி, நிறைவேற்று மனு போட வேண்டும். ஆக, டெல்லிக்குப் போகாமல் தப்பிக்க நினைத்தவர் சில ஆண்டு தாமதமாக அங்கேயே போய் நிற்கிறார்.

பிரதிவாதியின் ஊரில் வழக்கு

காந்தி நகர் கடைக்கு எதிரான வழக்கு டெல்லியின் கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்துக்குப் போகும். அதிகார வரம்பைப் பற்றி அங்கே வாதமே எழாது என்பதுதான் முதல் லாபம். பிரதிவாதி தொழில் நடத்தும் இடம் என்ற ஒரு காரணம் போதும். இது சிறிய லாபம் அல்ல. திருப்பூரில் தொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு சாட்சி விசாரணை நடந்தபின், அதிகாரம் இல்லை என்று 7ஆம் கட்டளை 10ஆம் விதியின்கீழ் வழக்குரை திரும்பி வந்தால், சரியான நீதிமன்றத்தில் அது புது வழக்காகவே தொடங்கும் என்று இ.எக்ஸ்.எல். கேரியர்ஸ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவான சாட்சியம் அங்கே தொடராது. நல்லெண்ணத்தோடு தவறான நீதிமன்றத்தில் செலவழித்த காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கழித்துக்கொடுக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

இரண்டாவது லாபம் ஜப்தி. வியாபாரி கடையைக் காலிசெய்துகொண்டிருக்கிறார், சரக்கை வேறு பெயருக்கு மாற்றுகிறார் என்று கண்ணால் கண்ட ஆதாரம் இருந்தால், 38ஆம் கட்டளையின்கீழ் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியை அந்த ஊர் நீதிமன்றத்தில் கேட்பதே விரைவானது. திருப்பூர் நீதிமன்றமும் 136ஆம் பிரிவின் வழியாக வெளி மாவட்டச் சொத்தை ஜப்தி செய்ய உத்தரவிடலாம். ஆனால் உத்தரவு அந்த மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அமீனா கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அலமாரிகள் காலியாகியிருக்கும். நஷ்டங்கள் யாவரும் அறிந்தவை: தூரம், செலவு, இந்தியில் பேசும் வக்கீலோடு கைப்பேசியிலேயே காரியம் நடத்த வேண்டிய நிலை, சாட்சி சொல்லத் தையல் கூட மேற்பார்வையாளரை ரயிலேற்றி அனுப்புவது.

திருப்பூரானாலும் டெல்லியானாலும் பொதுவாக உள்ள ஒரு படி உண்டு. வணிகர்களுக்கு இடையிலான சரக்கு விற்பனைத் தகராறு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்டதானால், 2018இல் திருத்தப்பட்ட வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்படி வணிக நீதிமன்றத்துக்கே போகும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில், தாக்கலுக்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் சமரச முயற்சி கட்டாயம். அதைத் தவிர்த்த வழக்குரை நிராகரிக்கப்படும் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எதிர்த்தரப்பு வராமலே போனாலும் அந்தச் சான்று வேண்டும். நிலுவை வழக்குக்கு உள்ள மூன்று ஆண்டுக் காலவரம்பில் கடைசி வாரம்வரை காத்திருப்பவர்களை இந்தப் படிதான் கவிழ்க்கிறது. இந்த முயற்சிக்கு ஆகும் காலம் காலவரம்பில் கழிக்கப்படும் என்றாலும், முயற்சியையே தொடங்காதவருக்கு அது உதவாது. வணிக நீதிமன்றத்தின் நல்ல பக்கம், பிரதிவாதி 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையை இழப்பதுதான். சாதாரண வழக்குகளில் வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பதற்கு இங்கே அந்த அளவில் இடமில்லை.

வசதியாக்க மன்றம்

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, அதிகார வரம்பு என்ற கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வாதியின் ஊருக்கு மதிப்பில்லை என்றேன். இந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவில் அந்த ஊருக்குத்தான் மதிப்பு. சரக்குக் கொடுத்தவர் எந்த மன்றத்தின் எல்லையில் இருக்கிறாரோ அந்த மன்றம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் விசாரிக்கலாம். திருப்பூர்க்காரருக்குக் கோவையில் உள்ள மண்டல மன்றம் போதும். ஒப்பந்தம் எங்கே உருவானது, லாரி எங்கே புக் ஆனது, பில்லில் எந்த ஊர் இருந்தது என்ற ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

வட்டியிலும் வித்தியாசம் பெரிது. நீதிமன்றத்தில் வழக்குக் காலத்துக்கும் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கும் வட்டி என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தின் விருப்புரிமை. இந்தச் சட்டத்திலோ, அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தராத வாங்குநர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கொடுத்தாக வேண்டும். தீர்ப்பை எதிர்த்து வாங்குநர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்த ஒரு பிரிவே பல வாங்குநர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவருகிறது.

எல்லோருக்கும் திறந்த வாசல் அல்ல இது. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த உரிமை இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளின் நிலையும் இதில் பலவீனமானது. உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான் உறுதி. சரக்கு அனுப்பியபின் பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு உரிமை கோர முடியாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்யம் (இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவுத் தேதி ஒப்பந்தத்துக்கு முந்தையதாக இருந்துவிட்டால் இந்த விவாதத்துக்கே வழியில்லை. காலவரம்பும் எதிர்க்கோரிக்கையும் இங்கேயும் உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. சரக்கில் பழுது என்று வாங்குநர் கணக்குக் காட்டினால் மன்றம் அதையும் கேட்கும். 90 நாட்களுக்குள் முடிவு என்று சட்டம் சொல்வது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது. முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் விசாரணை என்ற இரண்டு கட்டங்களையும் தாண்ட அதைவிட அதிக காலம் ஆகும் என்று எண்ணிக்கொண்டே மனுக் கொடுக்க வேண்டும்.

நடுவர் தீர்ப்பு விதி

கொள்முதல் ஆணையில் நடுவர் விதி இருந்து, நாம் அதைக் கவனியாமல் நீதிமன்றத்துக்குப் போனால், பிரதிவாதி தன் முதல் வாக்குமூலத்துக்குள் அதைக் காட்டி, வழக்கை நடுவரிடம் அனுப்பச் சொல்லலாம். விதியில் நடுவர் விசாரணையின் இருப்பிடம் என்று எந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கே மேற்பார்வை அதிகாரம். இந்தஸ் மொபைல் - டேட்டாவிண்ட் வழக்கில், சரக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தது. மும்பையில் எதுவும் நடக்கவில்லை. இருந்தும் இருப்பிடம் மும்பை என்று எழுதியிருந்ததால் மும்பைக்கே அதிகாரம் என்றானது. நடுவரை வாங்குநரே நியமிப்பார் என்று விதி இருந்தால், 2019ஆம் ஆண்டின் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பைக் காட்டி அதை எதிர்க்கலாம். மற்றபடி, உத்யம் பதிவு உள்ளவருக்கு இந்த விதி தடையாகாது: தனியாக நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம் என்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

வசூல் கட்டத்தில் மன்றத்தின் தீர்ப்புக்கும் நடுவர் தீர்ப்புக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு. நீதிமன்றத் தீர்ப்பாணையை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியிருப்பதைப்போல இதற்கு மாற்றல் தேவையில்லை. சொத்து எங்கே இருக்கிறதோ அந்த நீதிமன்றத்திலேயே நேரடியாக நிறைவேற்று மனு போடலாம் என்று சுந்தரம் ஃபைனான்ஸ் - அப்துல் சமது வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோவையில் வாங்கிய தீர்ப்பை நேரே கர்கர்டூமாவுக்கு எடுத்துப்போகலாம் என்பது, சொந்த ஊர் வழக்கின் வசதியையும் எதிராளி ஊரின் பிடியையும் ஒன்றாகத் தருகிறது. இந்த ஒப்பீட்டில் எந்தத் தராசிலும் கனமாக நிற்பது இதுதான் என்பேன்.

காசோலை திரும்பியிருந்தால் ஒரு துணை வழி இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் காசோலை எந்த வங்கிமீது எழுதப்பட்டதோ அந்த ஊரில்தான் புகார் என்று சொன்னதை, 2015ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றி, பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளையின் ஊருக்குக் கொண்டுவந்தது. திருப்பூர்க் கிளையில் போட்ட காசோலைக்குத் திருப்பூர்க் குற்றவியல் நீதிமன்றம். இது தண்டனைக்கான நடவடிக்கை. உரிமையியல் வசூலுக்கு மாற்று ஆகாது. ஆனால் வியாபாரி திருப்பூருக்கு ரயிலேற வேண்டிவரும்.

வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தால் மேற்சொன்ன கணக்கு மாறுகிறது. 20ஆம் பிரிவின்கீழ் வழக்கு மூலம் இங்கே எழுந்தது என்ற அடிப்படையில் திருப்பூரில் தீர்ப்பாணை வாங்கலாம். ஆனால் அதை பிரிட்டனில் பதிவு செய்யப் போனால், 1933ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம், பிரதிவாதி இந்திய நீதிமன்றத்துக்குத் தானே வந்து உட்பட்டாரா, முன்பே ஒப்புக்கொண்டாரா, இங்கே வசித்தாரா அல்லது அலுவலகம் வைத்திருந்தாரா என்றுதான் கேட்கும். வழக்கு மூலம் திருப்பூரில் எழுந்தது என்பது அங்கே போதாது. அமெரிக்காவோடு தீர்ப்பாணைகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் ஏற்பாடே இந்தியாவுக்கு இல்லை. ஆனால் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால் நடுவர் தீர்ப்புக்கு அங்கே வழி உண்டு. ஆகவே உள்நாட்டு வாங்குநரிடம் எப்படி இருந்தாலும், ஏற்றுமதி ஒப்பந்தத்தில் நடுவர் விதியைக் கேட்டு வாங்கச் சொல்வேன்.

நம் 18 லட்சத்துக்கு வருவோம். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முந்தையது, நிறுவனம் குறு அல்லது சிறு, நிலுவை மூன்று ஆண்டுக்குள் என்றால் கோவை மன்றம்தான். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பதிவு இல்லை, டெல்லிக்காரர் கடையைக் காலிசெய்யும் அறிகுறி தெரிகிறது என்றால், அலைச்சலைப் பொறுத்துக்கொண்டு டெல்லி வணிக நீதிமன்றத்தில் ஜப்தி மனுவோடு தொடுப்பதே மேல். பதிவும் இல்லை, அவசரமும் இல்லை, லாரி ரசீதும் விலைப்பட்டியலும் திருப்பூரைக் காட்டுகின்றன, டெல்லியைப் பெயர்சொல்லும் கையெழுத்திட்ட விதி எதுவும் இல்லை என்றால் மட்டுமே சொந்த ஊர் வழக்கு. அப்போதும் வழக்குரையில் எந்தத் தேதியில் திருப்பூரில் எது நடந்தது என்பதை வழக்கு மூலப் பத்தியில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். “வழக்கு மூலம் இந்த நீதிமன்ற எல்லைக்குள் எழுந்தது” என்று ஒரே வரியில் முடிக்கும் வழக்குரைதான் 7ஆம் கட்டளை 10ஆம் விதியில் முதலில் மாட்டிக்கொள்கிறது.